வெள்ளைத் தலைப்பாகை, கண்ணாடி, நீளக் கோட்டு... டி.வி. திரையில் ராதாகிருஷ்ணனை மறுபடி உருவாக்குவது எப்படி? திருத்தணி வாத்தியாரின் கதை!

செப்டம்பர் 5 வந்தாலே போதும். பள்ளி மேடைகளிலும் டி.வி. ஸ்டுடியோக்களிலும் குட்டி குட்டி ராதாகிருஷ்ணன்கள் வரிசைகட்டி நிற்பார்கள். தலையில் வெள்ளைத் தலைப்பாகை, மூக்கில் நழுவும் கண்ணாடி, முழங்காலைத் தாண்டிய கோட்டு, கையில் ஒரு தடிமனான புத்தகம். வேடம் முடிந்தது.

ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில குழந்தைகளின் தலையில் இருப்பது பாரதியாரின் முண்டாசு. சிலர் தலையில் ஜரிகை வைத்த மைசூர்ப் பேட்டா. கண்ணாடியோ காந்தியுடையது! ஒரே ஆளுக்குள் மூன்று தலைவர்கள்.

ஒரு சரித்திரத் தொடருக்கோ, ஆசிரியர் தின சிறப்பு நிகழ்ச்சிக்கோ ராதாகிருஷ்ணனின் உருவத்தை அப்படியே கொண்டுவர வேண்டும் என்றால், ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும். அப்படித் தேடிப் போனால் ஒவ்வொரு பொருளும் அவர் வாழ்க்கையின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறது. விரிவாகப் பார்க்கலாம்.

முதல் வேலை: எந்த வருஷத்து ராதாகிருஷ்ணன்?

கடைக்குப் போய் துணி வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 1888-ல் பிறந்து 1975-ல் மறைந்தவர் அவர். 20 வயதில் கல்லூரி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தவரும், 74-வது பிறந்தநாளைக் குடியரசுத் தலைவராகக் கண்டவரும் ஒரே ஆள்தான். ஆனால் ஒரே தோற்றம் இல்லை. இளவயதுப் படங்களில் இருக்கும் கண்ணாடியும் கடைசிக் காலப் படங்களில் இருக்கும் கண்ணாடியும் ஒன்றல்ல.

அதனால் கலை இயக்கக் குழுவினர் முதலில் வருஷத்தை முடிவு செய்வார்கள். பிறகு அந்தக் காலத்துப் படங்களை மட்டும் தனியாக எடுத்து வைப்பார்கள். நேராக எடுத்த படம், பக்கவாட்டில் எடுத்த படம், உட்கார்ந்திருக்கும் படம் என மூன்று கோணமாவது வேண்டும். நேர்ப் படத்தில் தலைப்பாகையின் முன்பக்க மடிப்பு மட்டும்தான் தெரியும். அது பின்னால் எப்படி முடிகிறது என்பது பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தால்தான் புரியும்.

அடுத்து, எல்லாப் படங்களிலும் மாறாமல் வருவது எது, ஒரே ஒரு படத்தில் மட்டும் இருப்பது எது என்று பிரிக்க வேண்டும். மாறாமல் வருவதுதான் அந்த மனிதரின் அடையாளம். ராதாகிருஷ்ணன் விஷயத்தில் பல பத்தாண்டுகளாக மாறாமல் வருவது தலைப்பாகை, கழுத்து மூடிய நீளக் கோட்டு, வேட்டி.

கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. பளிச் வெள்ளையும் சந்தன நிறமும் அதில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஒரே ஒரு படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்தால் ஏமாந்துபோவோம்.

டி.வி. வருவதற்கு நாலு மாதம் முன்பே மறைந்தவர்

இன்னொரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. ராதாகிருஷ்ணன் சென்னையில் காலமானது 1975 ஏப்ரல் 17. அதாவது சென்னை வீடுகளுக்கு டி.வி. வருவதற்கு ஏறக்குறைய நாலு மாதத்துக்கு முன்பே அவர் போய்விட்டார்.

அவர் காலத்துத் தமிழ்நாட்டு மக்கள் அவரைப் பார்த்தது பத்திரிகைப் படங்களிலும், தியேட்டரில் படம் போடுவதற்கு முன் ஓடும் நியூஸ் ரீலிலும்தான். குரலைக் கேட்டது ரேடியோவில். இன்று நாம் திரையில் பார்க்கும் ராதாகிருஷ்ணன்கள் அந்தப் படங்களிலிருந்தும் ரீல்களிலிருந்தும் மீட்டெடுக்கப்பட்டவர்கள். படத்தைத் தப்பாகப் படித்தால் மனிதரும் தப்பாகிவிடுவார்.

சரி, இப்போது ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம்.

1. வேட்டி: திருத்தணியும் கஷ்ட ஜீவனமும்

1888 செப்டம்பர் 5. அன்றைய சென்னை மாகாணம், வட ஆற்காடு மாவட்டம், திருத்தணி. முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. மலைக்கு மேலே கோயில், கீழே சின்ன ஊர். கோயிலுக்கு ஏறும் படிகள் வருஷத்தின் நாட்களைப் போல 365 என்பார்கள்.

தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பம். அப்பா சர்வபள்ளி வீராசாமி, ஜமீனில் சாதாரண வருவாய்த் துறை ஊழியர். அம்மா சீதம்மா. பெயருக்கு முன்னால் வரும் 'சர்வபள்ளி' என்பது நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தின் பெயர். முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள். ஊரை விட்டு வந்தாலும் பெயரை விடவில்லை.

வீட்டில் பணம் இல்லை. ஆனால் பையன் நன்றாகப் படித்தான். திருத்தணியில் ஆரம்பப் படிப்பு. 1896-ல் திருப்பதியில் இருந்த லுத்தரன் மிஷன் பள்ளி. பிறகு வேலூர் ஊரீஸ் கல்லூரி. அங்கிருந்து சென்னை கிறித்தவக் கல்லூரி. அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. படிப்புக்குப் பெரும்பாலும் உதவித்தொகைதான் கைகொடுத்தது.

தத்துவம் படிக்க வேண்டும் என்று அவர் திட்டமிட்டு வரவில்லை. உறவுக்காரர் ஒருவர் தான் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். அதனால் அந்தப் பாடத்தையே எடுத்தார். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் சொல்லிக்கொடுத்த மனிதர் அந்தத் துறைக்குள் நுழைந்த கதை இவ்வளவுதான்.

சின்ன வயதிலேயே கல்யாணமும் ஆனது. மனைவி சிவகாமு, தூரத்துச் சொந்தம். ஐந்து பெண் பிள்ளைகள், ஒரு ஆண். அந்த மகன்தான் பின்னாளில் புகழ்பெற்ற வரலாற்றாசிரியரான சர்வபள்ளி கோபால். அப்பாவின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே எழுதினார்.

டி.வி.க்கு வேடம் போடுகிறவர்கள் அதிகம் மறந்துபோவது இந்த வேட்டியைத்தான். கோட்டு இருந்தால் கீழே பேன்ட் என்று நினைத்துவிடுகிறார்கள். பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே வேட்டி தெரியும். திருத்தணியிலிருந்து கிளம்பிய பையன் கடைசி வரை கழற்றாத அடையாளம் அது.

2. தலைப்பாகை: சென்னை, மைசூர், கல்கத்தா

வேடத்தின் உயிர்நாடி இதுதான். இது தப்பானால் எல்லாம் தப்பு.

தமிழ்நாட்டில் குழந்தைகள் போடும் தலைப்பாகை வேடங்கள் முக்கியமாக நான்கு. பாரதியாருடையது தளர்வாகச் சுற்றிய முண்டாசு. விவேகானந்தருடையது காவி நிறம். பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவுடையது ஜரிகைக் கரை போட்ட மைசூர்ப் பேட்டா. ராதாகிருஷ்ணனுடையது கரை எதுவும் எடுப்பாகத் தெரியாத வெள்ளைத் துணி. நெற்றிக்கு மேலே மடிப்பு மடிப்பாக, இறுக்கமாக, சீராகப் படிந்திருக்கும்.

இது அவர் தனக்கென்று கண்டுபிடித்த ஸ்டைல் கிடையாது. அந்தக் காலத்துத் தென்னிந்தியப் பேராசிரியர்கள், வக்கீல்கள், அதிகாரிகள் என்று படித்த வர்க்கமே தலைப்பாகையோடுதான் வேலைக்குப் போனது. சர் சி.வி.ராமனின் படத்தைப் பாருங்கள், அவர் தலையிலும் இருக்கும். ராமனும் 1888-ல் பிறந்தவர்தான், அதே வருஷம் நவம்பரில். 1920-களில் இரண்டு பேருமே கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள். தெற்கிலிருந்து போன இரண்டு தலைப்பாகைகள், ஒன்று இயற்பியல் துறையில், ஒன்று தத்துவத் துறையில்.

ராதாகிருஷ்ணன் 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். 1918-ல் மைசூர் மகாராஜா கல்லூரி. 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஜார்ஜ் தத்துவப் பேராசிரியர் பதவி. அன்றைய இந்தியாவில் தத்துவம் சொல்லிக்கொடுப்பவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய நாற்காலிகளில் ஒன்று அது.

மைசூரை விட்டுக் கிளம்பிய நாளைப் பற்றி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. வழியனுப்ப வந்த மாணவர்கள் வண்டியில் இருந்த குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூ அலங்காரம் செய்த வண்டியை ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தாங்களே இழுத்துப் போனார்களாம். ஒரு வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வேடம் போடுகிறவர்கள் கவனிக்க: தைத்து வைத்த ரெடிமேட் தொப்பி தூரத்திலிருந்து பார்க்கத்தான் சரியாக இருக்கும். க்ளோஸ் அப் ஷாட்டில் மடிப்பு செயற்கையாகத் தெரிந்துவிடும். மெல்லிய பருத்தித் துணியைக் கையால் மடித்து, நடிப்பவரின் தலை அளவுக்குச் சுற்றினால்தான் அந்த இயல்பு வரும்.

3. கண்ணாடி: புத்தகங்களும் ஒரு வழக்கும்

வட்டக் கம்பி ஃபிரேம் போட்டால் அது காந்தியாகிவிடும். ராதாகிருஷ்ணனின் கண்ணாடியை அவர் வயதோடு பொருத்தித்தான் தேட வேண்டும். 1930-களின் காட்சிக்கு 1960-களின் ஃபிரேமைப் போட்டால், விவரம் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தக் கண்ணாடி வழியாக அவர் படித்ததும் எழுதியதும் கொஞ்ச நஞ்சம் இல்லை. இந்தியத் தத்துவத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1923-ல், இரண்டாவது 1927-ல். வேதம், உபநிடதம், பௌத்தம், சமணம், வேதாந்தம் எல்லாவற்றையும் மேல்நாட்டுப் படிப்பாளிகளுக்குப் புரியும் மொழியில் வைத்தார்.

இதே புத்தகம்தான் அவர் வாழ்க்கையின் கசப்பான அத்தியாயத்துக்கும் காரணம். கல்கத்தாவில் ஜதுநாத் சின்ஹா என்ற இளம் ஆய்வாளர் இருந்தார். தன்னுடைய ஆய்வேட்டின் பகுதிகள் இரண்டாம் தொகுதியில் எடுத்தாளப்பட்டிருப்பதாக அவர் குற்றம்சாட்டினார். 1929-ல் 'மாடர்ன் ரிவியூ' பத்திரிகையில் கடிதங்கள் வெளியாகின. விவகாரம் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போனது. சின்ஹா 20,000 ரூபாய் நஷ்டஈடு கேட்டார். ராதாகிருஷ்ணன் பதிலுக்கு 1 லட்சம் ரூபாய் கேட்டு அவதூறு வழக்கு போட்டார். சின்ஹா மீது மட்டும் இல்லை, பத்திரிகை ஆசிரியர் ராமானந்த சாட்டர்ஜி மீதும் வழக்கு.

இரண்டு தரப்பும் பயன்படுத்திய மூல நூல்கள் ஒன்றே என்பதால் ஒற்றுமை வருவது இயல்பு என்பது ராதாகிருஷ்ணன் தரப்பு வாதம். 1933-ல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. சமரசத்தின் விவரங்கள் வெளியிடப்படவில்லை. யார் பக்கம் நியாயம் என்று எந்தத் தீர்ப்பும் வரவில்லை.

ஒவ்வொரு ஆசிரியர் தினத்திலும் இந்தக் கேள்வி சோஷியல் மீடியாவில் தலைதூக்குகிறது. ஒரு பக்கம் திருடர் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். இன்னொரு பக்கம் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. வழக்கு இருந்தது, தீர்ப்பு இல்லை. பதிவில் இருப்பது அவ்வளவுதான்.

4. நீளக் கோட்டு: ஆக்ஸ்ஃபோர்டு முதல் மாஸ்கோ வரை

கழுத்து வரை பட்டன் போட்ட நீளக் கோட்டு. கல்கத்தா வகுப்பறையிலும் இதே மாதிரிதான், இங்கிலாந்து மேடையிலும் இதே மாதிரிதான்.

1926-ல் ஆக்ஸ்ஃபோர்டு மான்செஸ்டர் கல்லூரியில் சொற்பொழிவாற்ற அழைப்பு வந்தது. அந்த உரைகள் அடுத்த வருஷமே புத்தகமாக வந்தன. 1931-ல் பிரிட்டிஷ் அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. அதே வருஷம் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார், 1936 வரை இருந்தார். 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழை நாட்டுச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் இவர்தான்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். மிஷன் பள்ளிகளில் படித்த காலத்தில் தன்னுடைய சமயத்தைப் பற்றிய விமர்சனங்களைக் கேட்டே வளர்ந்தவர் அவர். எம்.ஏ. படிக்கும்போது வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வு எழுதியதும் அந்த விமர்சனத்துக்குப் பதில் சொல்லத்தான். அதைத் திருத்தியவர் ஏ.ஜி.ஹாக் என்ற கிறித்தவப் பேராசிரியர். மாற்றுக் கருத்து கொண்ட அந்த ஆசிரியரே ஆய்வைப் பாராட்டினார். முப்பது வருஷத்துக்குள் அதே பதிலைச் சொல்ல இங்கிலாந்தே நாற்காலி போட்டுக் கூப்பிட்டது.

1939-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மாணவர்கள் குதித்த காலத்திலும் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். 1948 வரை நீடித்தார்.

இதற்கு நடுவில் ஒரு முக்கியமான இரவு. 1947 ஆகஸ்ட் 14. அரசியல் நிர்ணய சபை கூடியிருக்கிறது. நேரு பேசி முடித்தார். அடுத்துப் பேசியவர்களில் ராதாகிருஷ்ணனும் ஒருவர். மணி 12 அடித்ததும் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் முன்னாலும் முடியக் கூடாது, பின்னாலும் போகக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து வகுப்பை முடித்துப் பழகிய வாத்தியாருக்கு இது கைவந்த கலை. நள்ளிரவு வரைக்கும் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அரசியல் நிர்ணய சபையின் கதையை இயக்குநர் ஷியாம் பெனகல் 2014-ல் 'சம்விதான்' என்ற பெயரில் 10 பகுதி டி.வி. தொடராக எடுத்தார். ராஜ்யசபா டி.வி.யில் ஒளிபரப்பானது. இப்படிப்பட்ட தொடர்களில்தான் ஒவ்வொரு தலைப்பாகைக்கும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் பழைய படங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த சபையில் இருந்தவர்களின் முகம் நாட்டுக்கே தெரியும்.

1949-ல் சோவியத் யூனியனுக்கான இந்தியத் தூதர். ராஜதந்திரப் பயிற்சியே இல்லாத தத்துவப் பேராசிரியரை ஸ்டாலினிடம் அனுப்புவதா என்று அப்போது பலரும் புருவம் உயர்த்தினார்கள். வெளிநாட்டுத் தூதர்களை லேசில் சந்திக்காத ஸ்டாலின், 1950-லும் 1952-லும் இவரைச் சந்தித்தார். விடைபெறும்போது ஸ்டாலினின் கன்னத்தையும் முதுகையும் தட்டிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மாணவனிடம் நடந்துகொள்வதுபோல!

வேடத்துக்கான குறிப்பு: கோட்டின் நீளம் முழங்காலைத் தொட வேண்டும். கழுத்துப்பட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். டை, கோட் சூட் வேண்டவே வேண்டாம்.

நடுவில் ஊரே மாநிலம் மாறியது!

அவர் டெல்லியில் இருந்த காலத்தில் பிறந்த ஊரில் பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது. திருத்தணி முதலில் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதோடு சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் அங்கே போனது. திருத்தணியும் கூடவே போய்விட்டது.

திருத்தணி தமிழகத்துக்கே வேண்டும் என்று ம.பொ.சி., மங்கலங்கிழார் உள்ளிட்டோர் போராடினார்கள். படாஸ்கர் தலைமையில் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்தவர் ராதாகிருஷ்ணன். தாய்மொழி தெலுங்கு. பிறந்த ஊர் தமிழ்நாடு. துணைவேந்தராக இருந்தது ஆந்திராவில். அவரை எந்த மாநிலத்துக்காரர் என்று சொல்வது? இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடுகிறார்கள். எல்லையோர ஊரில் பிறந்தவருக்கு அதுதானே அழகு.

5. கையில் புத்தகம்: செப்டம்பர் 5 பிறந்த கதை

1952-ல் முதல் குடியரசுத் துணைத் தலைவர். 1957-ல் மறுபடியும். இரண்டு முறையும் போட்டியே இல்லை. பதவி வழியே மாநிலங்களவைத் தலைவரும் அவர்தான். சபையில் கூச்சல் எழுந்தால் வகுப்பறையை அடக்குவதுபோல ஒரு சிரிப்பும் ஒரு வரியுமாக அடக்குவார் என்பார்கள். 1954-ல் பாரத ரத்னா விருது தொடங்கப்பட்டபோது முதல் முறையாகப் பெற்ற மூன்று பேரில் இவரும் ஒருவர். மற்ற இருவர் ராஜாஜி, சி.வி.ராமன். மூன்று பேருமே தெற்கிலிருந்து வந்தவர்கள்!

1956-ல் மனைவி சிவகாமு காலமானார்.

1962 மே 13-ல் குடியரசுத் தலைவர் ஆனார். அந்த வருஷம் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட வேண்டும் என்று பழைய மாணவர்களும் நண்பர்களும் வந்து நின்றார்கள். தனக்கு மட்டும் விழா எடுப்பதைவிட, அந்த நாளை எல்லா ஆசிரியர்களுக்குமான நாளாகக் கொண்டாடினால் பெருமைப்படுவேன் என்று அவர் சொன்னதாகப் பதிவு. அன்றிலிருந்து செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5. அது 1994-ல்தான் வந்தது. இந்தியாவில் அதற்கு 32 வருஷம் முன்பே ஆரம்பித்துவிட்டோம்.

தமிழக அரசு நல்லாசிரியர்களுக்கு வழங்கும் விருதும் டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில்தான் இருக்கிறது.

வேடத்தில் வராத ராதாகிருஷ்ணன்

இதுவரை பார்த்ததெல்லாம் கடையில் வாங்கக்கூடியவை. வாங்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

குடியரசுத் தலைவர் பதவியில் அவர் இருந்த ஐந்து வருஷமும் சாதாரண வருஷங்கள் இல்லை. 1962 அக்டோபரில் சீனப் போர். 1964-ல் நேரு மரணம். 1965-ல் பாகிஸ்தான் போர். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மரணம். இரண்டு போர்கள், பதவியில் இருக்கும்போதே இறந்த இரண்டு பிரதமர்கள்.

சீனப் போரில் அடி வாங்கிய நேரத்தில், அரசு சீனாவை எளிதில் நம்பிவிட்டதையும் முன்னேற்பாட்டில் அசட்டையாக இருந்ததையும் அவர் வெளிப்படையாகவே குறைசொன்னார். நேரு அவருடைய நெருங்கிய நண்பர் என்பது அதைத் தடுக்கவில்லை. 1967 குடியரசு தினத்தையொட்டிய ரேடியோ உரையில், நாட்டின் வளங்கள் மோசமாக நிர்வகிக்கப்படுவதையும் திறமைக் குறைவு பரவிக் கிடப்பதையும் சுட்டிக்காட்டினார். பதவிக் காலம் முடிய நாலு மாதம் கூட இல்லாத நேரம் அது. குடியரசுத் தலைவர்கள் பொதுவாக இப்படிப் பேசுவதில்லை. ஆளும் தரப்பு ரசிக்கவில்லை. ஆனால் விடைத்தாளில் தப்பு இருந்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவது வாத்தியாரின் பழக்கம் ஆயிற்றே.

மே 13-ல் பதவிக் காலம் முடிந்தது. சென்னைக்கே திரும்பி வந்தார். மயிலாப்பூரில் 'கிரிஜா' என்ற தன் வீட்டில் வாழ்ந்தார். அந்த வீடு இருந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலைக்குத்தான் இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர். தினமும் அந்த ரோட்டில் பைக்கில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1975-ல் சமயத் துறைப் பங்களிப்புக்கான டெம்பிள்டன் விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் பரிசுத் தொகையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அந்த ஏப்ரல் 17-ல் 86 வயதில் காலமானார்.

வேடம் போடும் முன் ஒரு செக் லிஸ்ட்

* முதலில் வருஷத்தை முடிவு செய்யுங்கள். கல்லூரிப் பேராசிரியரா, தூதரா, குடியரசுத் தலைவரா?
* தலைப்பாகை: கரை தெரியாத வெள்ளை. இறுக்கமான, சீரான மடிப்பு. முண்டாசும் வேண்டாம், ஜரிகைப் பேட்டாவும் வேண்டாம்.
* கண்ணாடி: தேர்ந்தெடுத்த வருஷத்துப் படத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள். வட்டக் கம்பி ஃபிரேம் காந்தியை நினைவூட்டும்.
* கோட்டு: கழுத்து மூடியது, முழங்கால் வரை. பட்டன் வரிசை நேராக இருக்கட்டும்.
* கீழே: வேட்டி. பேன்ட் வேண்டாம்.
* முகம்: மீசை, தாடி இரண்டும் கிடையாது. சில கடைகளில் செட்டோடு சேர்த்துத் தரும் ஒட்டுமீசையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.
* கையில்: ஒரு புத்தகம். வெறும் அட்டையாக இல்லாமல், திறந்தால் எழுத்து தெரிகிற நிஜப் புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. மேடையேறப் போகும் குழந்தையிடம், இந்தத் தாத்தா யார் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். புத்தகம் வாங்கக் காசில்லாமல், யாரோ கொடுத்த பழைய புத்தகத்தைப் படித்து மேலே வந்த திருத்தணிப் பையன் என்று சொல்லிக்கொடுங்கள். அது தெரிந்துவிட்டால், தலைப்பாகை கொஞ்சம் சரிந்து நின்றாலும் பரவாயில்லை.